காலி வீடு நிறைய, விற்க ஆளில்லை: கிரேக்கத் தீவில் சொத்து வாங்குவதில் என்ன சிக்கல்?

ரோட்ஸ் தீவுக்கு வடக்கே, துருக்கிக் கரையை ஒட்டினாற்போல் சிமி என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பியதும் மஞ்சளும் காவியும் வெளிர்நீலமுமாக மலைச்சரிவு முழுக்க வீடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். சுற்றுலாப் படங்களில் வருவது இந்தக் காட்சிதான். படிகளில் மேலே ஏறிப் போனால் கூரை விழுந்த வீடுகள், சட்டம் போன ஜன்னல்கள், கூடத்தின் நடுவே முளைத்த அத்திமரங்கள். கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கும் தொழிலால் செழித்த தீவு இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் இருந்த இடத்தில் இன்று மூவாயிரம் பேர்கூட இல்லை. வீடு நிறைய, ஆள் குறைவு என்றால் விலை தரைமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாதி வீடுகள் விற்பனைக்கே வருவதில்லை.

இன்னொரு பக்கம் சுற்றுலாவுக்குப் பேர்போன சாந்தோரினி, மிகோனோஸ் தீவுகள். இங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் தங்க இடமில்லாமல் அலைவது கிரேக்கப் பத்திரிகைகளில் வழக்கமான செய்தி. நாள் வாடகைக்கு விட்டால் ஒரு வாரத்தில் வரும் பணம், மாத வாடகையில் ஒரு மாதத்துக்கும் வராது. வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே கடலில், ஒரே சட்டத்தின் கீழ், ஒரு தீவில் வீடுகள் இடிந்து கிடக்கின்றன, இன்னொரு தீவில் தலைசாய்க்க இடமில்லை. கிரேக்கத்தில் மக்கள் வாழும் தீவுகள் இருநூற்றுக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் எங்கோ இருக்கின்றன. அங்கே வீடு வாங்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தீவுகளில் வீட்டுக்குப் பஞ்சமில்லை, தெளிவான பத்திரத்தோடு விற்கக்கூடிய வீட்டுக்குத்தான் பஞ்சம் என்பதை. விலைப்பட்டியலையும் கடல் காட்சியையும் வைத்துப் பேசும் வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன.

காரணம் குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் கிரேக்கச் சட்டப்படி கணவருக்கோ மனைவிக்கோ கால் பங்கு, மீதி முக்கால் பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். உயில் எழுதினாலும் நெருங்கிய வாரிசுகளை முழுதாக ஒதுக்கிவிட முடியாது, சட்டம் அவர்களுக்கென்று ஒரு பங்கை வைத்திருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு அறையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் உள்ள தீவு வீட்டை நான்கு பிள்ளைகளுக்குச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் பிரிபடாத பாகமாகவே கிடக்கும். அடுத்த தலைமுறையில் நான்கு பத்தாகும், அதற்கடுத்து இருபதாகும். இதற்கிடையில் பாதிப் பேர் கப்பலேறிப் போயிருப்பார்கள். கித்திரா தீவுக்காரர்களும் இதாக்கா தீவுக்காரர்களும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கலிம்னோஸின் கடற்பஞ்சுக்காரர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். துருக்கியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் காஸ்தெலோரிசோவின் வம்சாவளியினர் தீவில் இருப்பவர்களைவிட ஆஸ்திரேலியாவில் பல மடங்கு அதிகம்.

சிட்னியில் பிறந்த பேரனுக்கு அந்த வீட்டில் தனக்குப் பங்கு இருப்பதே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், பங்கை வாங்கிக்கொள்வதாக நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்து, பதிவு செய்து, வரி கட்டினால்தான் அது காகிதத்தில் அவர் பெயருக்கு வரும். பத்தாயிரம் யூரோ பெறாத பங்குக்காக யார் மெனக்கெடுவார்கள்? அதனால் பத்திரம் பல இடங்களில் இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. 2010க்குப் பிந்தைய கடன் நெருக்கடியின்போது சொத்து வரிச் சுமைக்கும் இறந்தவரின் கடனுக்கும் பயந்து, வந்த சொத்தே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் ஏராளம். ஒருவர் வேண்டாம் என்றால் பங்கு மறைந்துவிடாது, அடுத்த வாரிசின் தலையில் போய் நிற்கும். இப்படியே ஒன்றுவிட்ட உறவுகள் வரை நீளும்.

இந்தக் குடும்பச் சிக்கலை அரசாங்கப் பதிவேடாவது தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை, ஏனென்றால் அண்மைக்காலம் வரை கிரேக்கத்தில் நிலத்துக்கென்று பதிவேடே கிடையாது. பழைய பதிவு அலுவலகங்கள் எல்லாவற்றையும் ஆள் பெயரின் கீழ்தான் எழுதி வைத்தன. ஒருவர் என்னென்ன வாங்கினார், விற்றார் என்று தேடலாம். இந்த மனை யாருடையது என்று நேராகக் கேட்டால் பதில் வராது. பத்திரங்களில் சர்வே எண்ணும் இருக்காது. செக்குபந்தியில் கிழக்கே இன்னாரின் வாரிசுகள் வயல், வடக்கே கற்சுவர், தெற்கே ஓடை என்று இருக்கும். அந்த இன்னார் போய்ச் சேர்ந்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும், ஓடை வற்றியிருக்கும், சுவரின் கல்லை யாரோ எடுத்து வேறு சுவர் கட்டியிருப்பார்கள்.

தேசிய நிலப்பதிவேட்டுத் திட்டம் 1995இல்தான் சட்டமானது. முப்பது வருடம் கழித்தும் சில பகுதிகளில் வேலை நடக்கிறது. ஒவ்வொருவரும் தம் சொத்தை இன்ன இடத்தில் இவ்வளவு என்று தாமே போய் அறிவிக்க வேண்டும். யாரும் அறிவிக்காத நிலத்துக்கு எதிரே 'உரிமையாளர் தெரியவில்லை' என்று எழுதப்படும். குறித்த காலக்கெடுவுக்குள் யாரும் வந்து திருத்தாவிட்டால் அது அரசுக்குப் போய்விடும். வெளிநாட்டிலிருக்கும் வாரிசுகளைக் கடைசியில் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது இந்தப் பயம்தான். பிணங்கிக் கிடந்த அண்ணன் தம்பிகள் பேசத் தொடங்கியதும், பேசிக்கொண்டிருந்தவர்கள் வழக்குக்குப் போனதும் இதனால்தான்.

ரோட்ஸும் கோஸும் இதில் விதிவிலக்கு. 1912 முதல் இரண்டாம் உலகப்போர் வரை இத்தாலியர் கையில் இருந்த தீவுகள் இவை. அவர்கள் நிலத்தை அளந்து, மனைவாரியாக எண் கொடுத்து, வரைபடத்தோடு ஒரு பதிவேடு வைத்துவிட்டுப் போனார்கள். 1947 ஒப்பந்தத்தின்படி தீவுகள் கிரேக்கத்துக்கு வந்த பிறகும் அந்த முறை தொடர்ந்தது. அந்நிய ஆட்சி விட்டுப்போன நல்ல காரியம் என்று ஏதாவது இருந்தால், வீடு வாங்குபவரின் பார்வையில் இதைத்தான் சொல்ல வேண்டும். ரோட்ஸில் வில்லங்கம் பார்ப்பதற்கும் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பதிவேடு இல்லாத இடத்தில் அனுபவ பாத்தியதை வந்து நிற்கும். ஒரு சொத்தைத் தன்னுடையதாகவே நினைத்து 20 வருடம் அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். சரி, அனுபவித்தது என்றால் என்ன? ஆடு மேய்த்தது, ஒலிவ மரத்தில் காய் பறித்தது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. அதற்குச் சாட்சி பக்கத்து வீட்டுக்காரர். இப்படி உருவான பத்திரத்தை நம்பித் தீவுகளில் ஏராளமான வீடுகள் கைமாறியிருக்கின்றன. பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. வரும்போது மெல்போர்னிலிருந்து வக்கீல் நோட்டீஸாக வரும்.

வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏஜியன் கடல் தீவுகள் பலவற்றில் மகளின் கல்யாணத்துக்கு வீடுதான் சீதனம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். கார்பதோஸ் தீவில் இது இன்னும் கறாராக இருந்தது. தாய்வழிச் சொத்து முழுவதும் மூத்த மகளுக்கு, தந்தைவழிச் சொத்து மூத்த மகனுக்கு. மூத்தவளுக்கு 'கனகாரா' என்று பெயர். திருவிழாவில் கழுத்து நிறையத் தங்கக் காசு மாலையோடு அவள் நிற்க, இளைய பெண்கள் பலர் கல்யாணமே இல்லாமல் அக்காள் வீட்டில் வேலை செய்து காலம் தள்ளினார்கள். வெளியூர்க்காரர்கள் இதைத் தாய்வழிச் சமூகத்தின் பெருமையாக எழுதுவார்கள். இளைய மகள்களைக் கேட்டு எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். 1983இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது சீதனம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனாலும் மகளுக்கென்று மாடி எழுப்பும் ஆசை போகவில்லை. மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளைத் தீவெங்கும் பார்க்கலாம்.

அந்த மாடிக்கு அனுமதி வாங்கியிருப்பார்களா என்பது தனிக் கேள்வி. அனுமதியின்றிக் கட்டுவது கிரேக்கத்தில் ஏறக்குறைய ஒரு தேசியப் பழக்கம். அரசாங்கமும் சில வருடங்களுக்கு ஒருமுறை அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்யும். இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வீட்டை விற்க வேண்டுமென்றால் பொறியாளர் ஒருவர் நேரில் அளந்து, அனுமதித்த வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்று சான்று தர வேண்டும். மூடிய வராந்தா, பெரிதாக்கிய ஜன்னல், வரைபடத்தில் இல்லாத நீச்சல்குளம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். வாங்குபவர் வக்கீலுக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தப் பொறியாளருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. விற்பவர் ஏற்பாடு செய்த பொறியாளரை நம்பாமல், தனக்கென்று ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

வெறும் நிலம் வாங்கி விருப்பம்போல் கட்டலாம் என்பவர்களுக்கு வழி இன்னும் குறுகல். ஊர் எல்லைக்கு வெளியே கட்டப் பொதுவாக 4,000 சதுர மீட்டர் வேண்டும், அதாவது ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 2023இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், அந்த நிலம் அங்கீகரிக்கப்பட்ட பொதுச்சாலையை ஒட்டியும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. தீவுப் பாதைகளில் பெரும்பாலானவை கழுதை நடந்து உண்டானவை. அவற்றில் எது பொதுச்சாலை, எது யாருடைய வயல் வரப்பு என்பதற்குக் காகிதம் கிடையாது. அப்புறம் வன வரைபடத்தில் நிலம் காடாகக் குறிக்கப்பட்டிருந்தால் கட்ட முடியாது. கடற்கரைக் கோட்டுக்குள் வந்தாலும் முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போது பழைய பானைச் சில்லு கிடைத்தால் தொல்லியல் துறை வந்து வேலையை நிறுத்தும், எவ்வளவு காலத்துக்கு என்பது கிடைக்கும் பொருளைப் பொறுத்தது.

இவ்வளவையும் தாண்டி ஒரு சுத்தமான வீடு அமைந்துவிட்டால், வாங்கும் நடைமுறை ஒப்பீட்டளவில் எளிது. முதலில் 'அஃபிமி' எனப்படும் வரி எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் மின் இணைப்புகூடக் கிடைக்காது. பத்திரத்தை எழுதுவது நோட்டரி. நம்மூரில் நகலுக்கு முத்திரை குத்தித் தரும் நோட்டரியோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இவர் சட்டம் படித்த அரசுப் பொறுப்பாளர். பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார், கிரேக்கம் தெரியாதவர் மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போக வேண்டும் அல்லது வக்கீலுக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமை மாற்று வரி 3 சதவீதத்துக்குச் சற்று மேல். நோட்டரி, வக்கீல், பதிவு, தரகு எல்லாம் சேர்த்தால் விலைக்கு மேல் 7 முதல் 10 சதவீதம் வரை ஆகும். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பத்திரத்தில் காட்டிவிட்டு மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கம் அங்கேயும் இருந்தது. 2024 முதல் வீட்டு விற்பனையில் ரொக்கமே கூடாது, எல்லாம் வங்கி வழியாகத்தான். வருடாவருடம் 'என்ஃபியா' என்ற சொத்து வரி உண்டு. சாதாரணத் தீவு வீட்டுக்கு அது பயப்படும் தொகை இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று எல்லைப்பகுதிச் சட்டம். 1990இல் வந்த இந்தச் சட்டப்படி ரோட்ஸ், கோஸ், சிமி உள்ளிட்ட தொதெகனீஸ் தீவுகள், லெஸ்வோஸ், கியோஸ், சாமோஸ் ஆகியவை எல்லைப் பகுதிகள். துருக்கியிலிருந்து தள்ளி இருக்கும் சாந்தோரினியும் ஸ்கீரோஸும்கூட இந்தப் பட்டியலில் இருக்கின்றன. இங்கே இந்தியரோ இலங்கையரோ வாங்க வேண்டுமென்றால் தனி அனுமதிக்கு விண்ணப்பித்து, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் பிரிட்டிஷ்காரர்களும் இந்த வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது தங்கும் உரிமை. வீடு வாங்கினால் அங்கே வாழலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுப்பத்திரம் தானாக விசா ஆகாது, ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். அதற்குத்தான் கோல்டன் விசா. 2013இல் தொடங்கியபோது 2,50,000 யூரோவுக்கு வீடு வாங்கினால் ஐந்து வருடத் தங்கும் அனுமதி, புதுப்பித்துக்கொண்டே போகலாம். கடனில் தத்தளித்த நாடு பணம் வர வேண்டுமென்று திறந்த கதவு அது. பணம் வந்தது, கூடவே வீட்டு விலையும் உள்ளூர்க்காரர்கள் எட்ட முடியாத உயரத்துக்குப் போனது. 2024 செப்டம்பர் முதல் ஏதென்ஸ் வட்டாரம், தெசலோனிக்கி, மிகோனோஸ், சாந்தோரினி, பிறகு 3,100 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள எல்லாத் தீவுகளிலும் 8,00,000 யூரோ. சிஃப்னோஸ், அமோர்கோஸ், ஃபொலேகாண்ட்ரோஸ் போன்ற சின்னத் தீவுகளில் 4,00,000. வீடு ஒன்றாகவும் குறைந்தது 120 சதுர மீட்டராகவும் இருக்க வேண்டும், பழைய தீவு வீடுகளில் பாதி இதிலேயே அடிபட்டுப்போகும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பவருக்கும் வணிகக் கட்டடத்தை வீடாக மாற்றுபவருக்கும் 2,50,000 இன்னும் உண்டு. இப்படி வாங்கிய வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் அனுமதி ரத்து, 50,000 யூரோ அபராதம். இந்த அனுமதியில் அங்கே வேலைக்கும் போக முடியாது.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதற்கும் கணக்கு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். குறைந்தபட்சக் கோல்டன் விசாத் தொகைக்குக்கூட ஒருவர் வரம்பு போதாது, குடும்பத்தில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம் என்றாலும், அந்தப் பணம் அதுவரை கையில் இருக்காது.

வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அங்கே வாழ்வது எப்படி என்பதை ஜூலை மாதத்தில் பார்த்து முடிவு செய்பவர்கள் நிறைய. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வடக்கிலிருந்து மெல்தெமி காற்று வீசும், வெயில் உறைக்காது, எல்லாக் கடையும் திறந்திருக்கும். நவம்பரில் உணவகங்கள் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடும், கப்பல்கள் குறையும். காற்று பியூஃபோர்ட் அளவில் 8ஐத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே நீடித்தால் கடையில் பாலும் காய்கறியும் தீர்ந்துபோகும். லாபம் இல்லாத வழித்தடங்களுக்கு அரசு மானியம் கொடுத்துக் கப்பல் ஓட்டுகிறது, சின்னத் தீவுகளின் உயிர்நாடி அதுதான். அரை மீட்டர் கனமுள்ள கற்சுவர் கோடையில் குளிர்ச்சி. குளிர்காலத்தில் அதே சுவர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூட்டிப் போட்ட வீட்டில் மெத்தையும் துணியும் பூஞ்சை பிடிக்கும். வெயில்நாட்டு வீடு என்று சூடேற்றும் வசதியே இல்லாமல் வாங்கியவர்கள் முதல் பிப்ரவரியில் விறகு அடுப்பு தேடி அலைவார்கள்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. சாந்தோரினி, மிகோனோஸ், நாக்சோஸ் உள்ளிட்ட சிக்ளடீஸ் தீவுகளில் மழை குறைவு. பழைய வீடுகளின் அடியில் மழைநீர்த் தொட்டி இருப்பது அதனால்தான், மொட்டைமாடிக்கு வெள்ளையடித்துச் சுத்தமாக வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று பல தீவுகள் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நம்பியிருக்கின்றன. விவசாயம் உள்ள, ஓரளவு தண்ணீர் வளமுள்ள நாக்சோஸே 2024 கோடையில் நீர்த்தேக்கம் வற்றித் திண்டாடியது. வீடு பார்க்கப் போகும்போது நீச்சல்குளத்தைக் காட்டுவார்கள். தொட்டியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

நிலநடுக்கத்தைப் பற்றித் தரகர்கள் பேச மாட்டார்கள். 1953 ஆகஸ்டில் கெஃபலோனியாவில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் விழுந்தன, வடகோடியில் ஃபிஸ்கார்தோ போன்ற சில இடங்களே தப்பின. அதற்குப் பிறகு 1959இல் நாட்டின் முதல் நிலநடுக்கக் கட்டட விதி வந்தது. அங்கே இன்று இருப்பவை அழகில்லாத கான்கிரீட் வீடுகள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 2014இல் அந்தத் தீவு இரண்டு முறை 6 ரிக்டர் அளவுக்குக் குலுங்கியது. ஒருவரும் சாகவில்லை. 2020 அக்டோபரில் சாமோஸில் பதின்வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள், யாரும் வசிக்காத பழைய வீடு ஒன்றின் சுவர் அவர்கள்மேல் விழுந்தது. வாரிசுகள் கைவிட்ட வீடுகளின் பிரச்சினை பத்திரத்தோடு முடிந்துவிடுவதில்லை.

சாந்தோரினியில் இன்று கோடிகளுக்கு விலைபோகும் குடைவு வீடுகள் ஒருகாலத்தில் ஏழைகளின் வீடுகள். இயா ஊரில் கப்பல் தலைவர்கள் மேலே மாளிகையில் இருக்க, மாலுமிகள் சரிவில் மென்மையான எரிமலை மண்ணைக் குடைந்து வாழ்ந்தார்கள். 1956 நிலநடுக்கத்துக்குப் பிறகு பலர் கைவிட்டுப் போனார்கள். 1970களில் அரசுச் சுற்றுலா நிறுவனம் அவற்றில் சிலவற்றைச் சீரமைத்து விடுதியாக்கிய பிறகுதான் இந்த மவுசு வந்தது. 2025 பிப்ரவரியில் மறுபடி ஆயிரக்கணக்கான அதிர்வுகள் தொடர்ந்தபோது பதினோராயிரம் பேருக்கு மேல் தீவைவிட்டு வெளியேறினார்கள். அந்தச் சரிவில் வீடு வாங்குபவரை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அதை முதலீடு என்று சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

வருடம் முழுக்க வாழ வேண்டுமென்றால் தீவை அதன் குளிர்காலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவமனை இருக்கிறதா, மேல்நிலைப்பள்ளி இருக்கிறதா, ஜனவரியில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குக் கப்பல் இருக்கிறதா? பல சின்னத் தீவுகளில் கட்டாயச் சேவைக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர்தான் இருப்பார், பெரிதாக ஏதாவது என்றால் ஹெலிகாப்டர்தான் வர வேண்டும், அதுவும் காற்று அனுமதித்தால். என்னைக் கேட்டால் சீரோஸைச் சொல்வேன். தலைநகர் எர்முபோலியில் மருத்துவமனை, நீதிமன்றம், கப்பல் பட்டறை, 1864இல் கட்டிய நாடக அரங்கு எல்லாம் இருக்கின்றன. இருபதாயிரம் பேர் குளிர்காலத்திலும் அங்கேதான் இருக்கிறார்கள், எல்லைப்பகுதிச் சட்டமும் அங்கே இல்லை. ஆனால் அந்த இருபதாயிரம் பேர் இருப்பதாலேயே, கோல்டன் விசாக் கணக்கில் அது 8,00,000 யூரோத் தீவு.